சிக்னலில் வரும் தலைவலி

பெங்களூர் ஜோகுபாளையத்து இளங்கோவன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. முடி வெட்டிக்கொள்ளும்போது உட்கார்ந்திருப்பான். அப்போதும் சலூன்காரர் அவன் தலையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி, காது போனால் என்னைக் கேட்காதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். மற்றபடி சாப்பாடு நின்றுகொண்டு, டீ நடந்துகொண்டு, பேச்சு வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு. கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு பந்தலுக்கு வெளியே போய், முக்கிக்கொண்டிருந்த ஜெனரேட்டரைத் திறந்து பார்த்த மாப்பிள்ளை அவன். தனக்கு வாய்த்தது என்ன என்று வேதநாயகி அன்றைக்கே புரிந்துகொண்டாள்.

வேலையிலும் அப்படித்தான். கண்டோன்மென்ட் பக்கத்துக் கார் பட்டறைகளில் அவன் கால் வைக்காதவை சொற்பம். யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியதில்லை. ஒருநாள் காலையில் எழுந்ததும் அலுத்துப்போகும், கிளம்பிவிடுவான். கடைசியாகத் தொம்மலூரில் அலெக்சாண்டரின் பட்டறைக்கு வந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். அலெக்சாண்டரின் நல்ல குணம் காரணமில்லை. எஞ்சினின் நிலவரத்தைத் திரையில் காட்டுகிற ஸ்கேனர் ஒன்றை அவர் புதிதாக வாங்கி வைத்திருந்தார், அதுதான் காரணம்.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். கார்பரேட்டர் வண்டிகள் குறைந்து, கம்ப்யூட்டர் பெட்டி வைத்த வண்டிகள் பட்டறைக்கு வர ஆரம்பித்திருந்தன. எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டிதான் முடிவு செய்யும். அதற்கு உளவு சொல்ல, புகை வெளியே போகிற குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று கட்டைவிரல் பருமனில் ஒன்று உட்கார்ந்திருக்கும். புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால், பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். பெட்டி பெட்ரோலைக் கூட்டும். ஆக்சிஜன் இல்லாவிட்டால், பெட்ரோல் அதிகம் என்று சொல்லும். பெட்டி குறைக்கும். வண்டி நன்றாக இருந்தால் இந்த இழுபறி ஓயாமல் நடக்கும். ஸ்கேனரைச் செருகினால், அந்த எண் புள்ளி ஒன்றுக்கும் புள்ளி ஒன்பதுக்கும் நடுவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஓர் இடத்தில் நிற்காத அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் இளங்கோவனுக்குப் பிடித்துப்போயிற்று. ஸ்கேனரை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான்.

ஆனால் எடுத்துக்கொண்டானே ஒழிய, தன் பழக்கத்தை அதற்காக மாற்றிக்கொள்ளவில்லை. எஞ்சின் நின்ற இடத்தில் சும்மா முனகிக்கொண்டிருப்பது அவனுக்கு ஆகாது. ஸ்டார்ட் ஆன மறுகணமே வலது கால் ஆக்சிலேட்டரில் போய் உட்காரும். எஞ்சின் உறுமும், எண் துள்ளும், ‘சென்சார் ஜம்முனு இருக்கு’ என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குத் தாவிவிடுவான். மிதிக்காமல் ஐட்லிங்கில் விட்டுக் கொஞ்ச நேரம் பார் என்று அலெக்சாண்டர் சொல்லாத நாளில்லை. சொல்வது அவர் கடமை, கேட்காதது இவன் வழக்கம் என்று போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டறை வாசலில் வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர்களுக்கெல்லாம் குங்குமம் வைத்து, ஸ்கேனருக்கும் ஒரு பொட்டு வைத்தாகிவிட்டது. வாடிக்கை வண்டிகள் கழுவித் துடைத்து மாலையோடு வரிசையில் நின்றன. வர வேண்டியது சின்னப்பாவின் வேன் மட்டும்தான். சின்னப்பா ஜோகுபாளையத்தில் இளங்கோவனுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறவர். முன் சீட்டைத் தூக்கினால் அடியிலேயே எஞ்சின் இருக்குமே, அந்த மாதிரி வேன். இளங்கோவனின் மகள் தீபிகாவும் அதில்தான் பள்ளிக்கூடம் போனாள். மூன்றாம் வகுப்பு. முன் சீட்டு அவளுடையது, வேறு யாராவது உட்கார்ந்தால் ரகளைதான். அடியில் எஞ்சின் இருப்பதால் குளிர்காலத்தில் அந்த சீட்டு கதகதவென்று இருக்கும்.

லீவு நாளாயிற்றே என்று சின்னப்பா ஓசூருக்கு ஒரு சவாரி ஒத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து வழியில் எங்கும் நிற்காமல் வந்து சேர்ந்தபோது ராகுகாலம் பிறக்கப் போகிறது என்று ஐயர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் இரண்டு பட்டறை பாக்கி. வேனோ சேறும் தூசியுமாக இருந்தது. கழுவாத வண்டிக்கு எப்படிப் பொட்டு வைப்பது? எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறட்டும், வெளியே மட்டும் கழுவு என்று அலெக்சாண்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். இளங்கோவன் அதற்குள் சீட்டைத் தூக்கி ஒரு பக்கெட் தண்ணீரை அப்படியே எஞ்சின்மேல் வீசிவிட்டிருந்தான். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அதற்குள்ளிருந்து ‘டிக்’கென்று ஒரு சத்தமும் வந்தது. கொதிக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருக்கத்தான் தெரியாது. ஆவி அடங்குவதற்குள் சந்தனம் வைத்தாயிற்று, சக்கரத்தில் எலுமிச்சை நசுங்கிற்று, பூசணிக்காய் உடைந்தது. எல்லாரும் பொரி சாப்பிட்டார்கள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் தீபிகா தலையை வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். முதலில் வேதநாயகி தைலம் தேய்த்தாள். பிறகு வெயில் என்றாள், பிறகு டிவி என்றாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது பிள்ளையின் முகம் வெளுத்திருக்கும். சோறு இறங்காது. கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்தால் சரியாகிவிடும், தெருவில் ஓடி ஆடுவாள். அதைப் பார்த்துத்தான் இளங்கோவனுக்குச் சந்தேகம் வந்தது. விளையாடும்போது வராத தலைவலி என்ன தலைவலி? சட்டையை மாட்டிக்கொண்டே மகளை விசாரித்தான்.

“எப்போ வலிக்குதுடி உனக்கு?”

“சிக்னல்ல நிக்கும்போது வலிக்குதுப்பா. வேன் ஓடினா கம்மியாயிடுது.”

“இன்னாது, சிக்னல் பாத்தா தலைவலியா? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட உனக்கு வேற கதை கெடைக்கலயா?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். பட்டறையிலும் சொல்லிச் சிரித்தான். என் பெண்ணுக்கு டிராஃபிக் போலீஸ் வேலைதான் ஆகாது என்றான். தீபிகா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் சிக்னலைப் பற்றிப் பேசவுமில்லை. வேதநாயகி மட்டும் மனசு கேட்காமல் அல்சூரில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். லேசான பவர்தான், போட்டாலும் போடலாம் என்று அவர் சொல்ல, போட்டே ஆக வேண்டும் என்று இவள் கேட்டுக்கொண்டு, சிவப்பு ஃபிரேமில் ஒரு கண்ணாடி வாங்கி வந்தாள். தலைவலி நின்றபாடில்லை.

அதே சமயத்தில் சின்னப்பாவும் ஒரு குறையோடு பட்டறைக்கு நடையாய் நடந்தார். வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது, நின்றால் நாறுகிறது என்றார். இளங்கோவன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். கரி அப்பியிருந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். ஸ்கேனரைச் செருகினான், மிதித்தான், எண் அழகாக ஏறி இறங்கிற்று. சென்சார் ஜம்மென்று இருக்கிறது என்று பிளக்கைத் துடைத்து அனுப்பிவிட்டான். அடுத்த வாரம் சின்னப்பா மறுபடியும் வந்தார். சந்தேகத்துக்குச் சென்சாரையே புதிதாக மாற்றினான். மிதித்தான், துள்ளிற்று, அனுப்பினான். நாற்றத்துக்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டதற்கு, பெங்களூரே இப்போது அப்படித்தான் நாறுகிறது, ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றான். டிசம்பர் குளிர் வேறு. சின்னப்பாவும் சாத்திக்கொண்டார்.

போகும்போது அவர் பெருமையாக ஒன்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற வேன்களில் பிள்ளைகள் போடுகிற கூச்சல் காதைப் பிளக்கும், தன் வேனில் இப்போதெல்லாம் எல்லாம் சமர்த்தாகத் தூங்கி வழிகிறதுகள் என்றார். கேட்ட யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

மூன்றாம் தடவை சின்னப்பா வந்தபோது அலெக்சாண்டருக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியை இனிப் பட்டறைக்குள் விடாதே என்றார். உன் கால் பட்டால் அது ஒழுங்காக இருக்கிறது, ரோட்டுக்குப் போனால் கெட்டுப்போகிறது. ஆகவே பிள்ளைகளை அழைத்துவரச் சின்னப்பா போகும்போது ஸ்கேனரோடு நீயும் போ, அவர் ஓட்டட்டும், நீ பக்கத்தில் சும்மா உட்கார்ந்து திரையைப் பார் என்றார். சும்மா உட்காருவது என்ற வார்த்தையைக் கேட்டதுமே இளங்கோவனுக்கு முட்டி ஆட ஆரம்பித்தது.

முருகேஷ்பாளையம் பக்கத்தில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் ஏறினார்கள். தன் இடத்தில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தீபிகா முகத்தைச் சுளித்தாள், பிறகு அவன் மடியிலேயே ஏறிக்கொண்டாள். ஸ்கேனர் அவள் மடியில். சிவப்புக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு அவளும் திரையைப் பார்த்தாள். வேன் ஓடும்வரை எண் அதன் வேலையைச் செய்தது. ஏறிற்று, இறங்கிற்று. ஒன்றுமில்லை, சின்னப்பாவுக்குப் பிரமை என்று இளங்கோவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

தொம்மலூர் வந்தது. மேம்பாலம் பாதியில் நின்றுபோயிருந்த காலம் அது. தூண்கள் எழும்பி அந்தரத்தில் நின்றன. அடியில் மிச்சமிருந்த ஒடுக்கமான பாதையில் ஏர்போர்ட் ரோட்டின் அத்தனை வண்டிகளும் நுழையப் பார்த்தன. வேன் நின்றது. முன்னால் ஒரு கம்பெனி பஸ், பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் ஹாரன். நின்றால் நின்றதுதான். எஞ்சின் ஐட்லிங்கில் முனகிக்கொண்டிருந்தது. இளங்கோவனின் வலது கால் தன்னால் எழுந்து தரையை மிதித்தது, அங்கே ஆக்சிலேட்டர் இல்லை. இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது. மடியில் பிள்ளை, பிள்ளை மடியில் ஸ்கேனர். வேறு போக்கில்லாமல் திரையைப் பார்த்தான்.

எண் துள்ளவில்லை. புள்ளி ஒன்றில் போய்ப் படுத்துவிட்டது. அவன் ஸ்கேனரைத் தட்டினான். அப்படியேதான் இருந்தது. பெட்ரோல் போதவில்லை, போதவில்லை என்று சென்சார் ஒரே பல்லவியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கீழ்வரியில், பெட்டி கூட்டிக் கொடுக்கிற பெட்ரோலின் சதவீதம் மெல்ல ஏறிக்கொண்டே போயிற்று. போதாது என்கிறது சென்சார், பிளக்கிலோ கரி அப்பிக் கிடக்கிறது. புதுச் சென்சார் பொய் சொல்லுமா? சொல்லாது. அப்படியானால் புகைக்குழாய்க்குள் ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது?

“இப்போ வருது பாருப்பா,” என்றாள் தீபிகா.

“எதுடா?”

“தலைவலி.” நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் காட்டினாள். “நான் சொன்னேன்ல.”

இளங்கோவன் மகளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். அவனுக்கே நெற்றியில் கனம் ஏறியிருந்தது. இத்தனை நேரம் அதை எரிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தான். சென்சாருக்கு முன்னால் எங்கேயோ குழாய் விரிசல் விட்டிருக்கிறது. எஞ்சின் நிதானமாக ஓடும்போது அந்த விரிசல் வழியே வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அதைப் பார்த்து ஏமாறுகிறது. பெட்டி அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. வேகமெடுத்தால் புகையின் வேகத்தில் காற்று நுழைவது குறைந்து எண் சரியாகிவிடுகிறது. அவன் கால் மிதித்தபோதெல்லாம் நடந்தது அதுதான். காற்று உள்ளே போகிற வழியாக நச்சுப் புகை வெளியேயும் வரும். அந்தக் குழாய் இருப்பது இந்த சீட்டுக்கு அடியில். கதகதவென்று இருக்கிற இந்த சீட்டுக்கு அடியில்.

கையை நீட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான். சின்னப்பா திடுக்கிட்டார். அவன் மகளைத் தூக்கிக்கொண்டு குதித்து, பின்கதவை இழுத்துத் திறந்தான். உள்ளே பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். இருவருமாகத் தட்டி எழுப்பி, எழாதவர்களை வாரிக்கொண்டு, நின்றிருந்த வண்டிகளுக்கு நடுவே பாலத்துத் தூண்களின் அடிக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஒரு பையன் வாந்தி எடுத்தான். ஒருத்தி அழுதாள். அழுகிற சத்தம் கேட்டதில் இளங்கோவனுக்கு உயிர் வந்தது. டிராஃபிக் போலீஸ்காரர் வண்டியை எடுக்கச் சொல்லி ‘காடி தெகீரி’ என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே வந்தவர், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் சேர்ந்து வேனை ஓரத்துக்குத் தள்ளினார். தூண்களுக்கிடையில் காற்று வீசியது. சிமெண்டுத் தூசி நிறைந்த காற்றுதான். பிள்ளைகள் ஒவ்வொருவராக நிமிர்ந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, பிறகு அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அவர்களை ஆட்டோக்களில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டி, காற்றாட வைத்திருங்கள், பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இளங்கோவன் வேனுக்குத் திரும்பி வந்து சீட்டைத் தூக்கினான். குழாயை மூடியிருந்த தகட்டைக் கழற்றினான். எஞ்சினையொட்டி வளைந்து போகிற வார்ப்பிரும்புக் குழாயில் மயிரிழை போல ஒரு விரிசல். அதிலிருந்து தகட்டின் உள்பக்கம் நெடுகக் கறுப்பாகப் புகைக்கரி. முன்பே இந்தத் தகட்டைக் கழற்றியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதற்கு நாலு போல்ட்டுகள். நாலு போல்ட்டுக்குப் பொறுமையில்லாமல் புதுச் சென்சாரைப் போட்டு அனுப்பியவன் அவன். அந்த விரிசலைத் தொட்டதும் ஆவியும், அதற்குள்ளிருந்து வந்த ‘டிக்’ சத்தமும் நினைவுக்கு வந்தன.

யாரும் அவனைச் சந்தேகப்படவில்லை. பழைய வண்டி, வார்ப்பு விரிசல் விட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்கும். பிள்ளைகளைக் காப்பாற்றினவன் என்று நாலு வீட்டில் காப்பி கொடுத்திருப்பார்கள். அவனுக்கு அது தொண்டையில் இறங்கியிருக்காது.

“சின்னப்பாண்ணே, ஆயுத பூஜ அன்னைக்கு நான் ஊத்தின தண்ணிதான் இது. கொதிக்கிற எஞ்சின்னு தெரிஞ்சேதான் ஊத்தினேன்.”

சின்னப்பா குனிந்து அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, ஜன்னலைச் சாத்தினது யாரு, நான்தானே என்று மட்டும் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இருவரும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னார்கள். சில வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அவன் சட்டையைப் பிடித்தார்கள். பிடிக்கட்டும் என்று நின்றான். வேதநாயகியிடம் கடைசியாகச் சொன்னான். அவள் சட்டையைப் பிடிக்கவில்லை. உள்ளே போய்ச் சிவப்புக் கண்ணாடியை எடுத்துவந்து அவன் கையில் வைத்துவிட்டு, “அவ சொன்னப்போ நீங்க சிரிச்சீங்க,” என்றாள். அன்றிரவு அவன் படுத்துப் புரண்டுகொண்டே கிடந்தான். பெற்ற பிள்ளை, ஸ்கேனர் காட்டியதை அதற்கு எத்தனையோ நாள் முன்பே வார்த்தைக்கு வார்த்தை சொல்லியிருக்கிறது. கருவி சொன்னால் நம்புகிறவன், அவள் சொன்னதைப் பட்டறையில் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்த வெட்கம் அவனை உறங்கவிடவில்லை.

சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் அலைந்து, விரிசலில்லாத குழாய் ஒன்றைக் கண்டுபிடித்துப் பொருத்தினான். ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வேறு யாருமில்லை. அலெக்சாண்டர் மட்டும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் வருவேன் என்று தீபிகா அடம்பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி இல்லை.

இளங்கோவன் வேனைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்துவிட்டு, ஓட்டுநர் இடத்திலிருந்து இறங்கினான். சுற்றி வந்து மறுபக்கம் ஏறினான். மகளின் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடிகளை மேலே ஏற்றிச் சாத்திக்கொண்டான். மடியில் ஸ்கேனர். எஞ்சின் முனகியது. எண் ஏறிற்று, இறங்கிற்று, மறுபடி ஏறிற்று. கூடுதல் பெட்ரோல் சதவீதம் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. பழைய இளங்கோவனாக இருந்தால் அப்போதே குதித்து இறங்கியிருப்பான். அலெக்சாண்டர் அதை எதிர்பார்த்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இறங்கவில்லை. முட்டி ஆடியது, கையால் அமுக்கிக்கொண்டான். உடம்பு முழுக்கப் பரபரத்தது. உட்கார்ந்திருந்தான்.

தீபிகா பொறுத்துப் பார்த்துவிட்டு வந்து ஜன்னலைத் தட்டினாள். அவன் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான்.

“இன்னும் எவ்ளோ நேரம்பா?”

“நீயே சொல்லு. எவ்ளோ நேரம் நின்னா உனக்குத் தலை வலிக்கும்?”

அவள் யோசித்தாள். “ரொம்ப நேரம்.”

“சரி. ரொம்ப நேரம் உக்கார்றேன்.”

கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டான். அவள் பட்டறைக்குள் போய் ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து, வேனுக்குப் பக்கத்தில் போட்டு, அப்பா இறங்குகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.